இருநூற்றிருபது

சாந்தா இஃபிஜேனியாத் தெருவில் சனிக்கிழமை.
சட்டைப் பையில் முந்நூறு ரெயால்,
சுங்கச்சாவடிக் கூண்டில் இரவெல்லாம்
சில்லறை நீட்டிய கையில் மிஞ்சியது.
தோள்பையில் ஒரு செத்த பலகை.
அதன் ஒரு பக்கம் முழுக்கச் செம்பு;
எவ்வளவு சூடு கொடுத்தாலும் குடித்துவிட்டு
இன்னும் கொஞ்சம் என்று நிற்கும்.
காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்குப்
பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

முதல் கடையில் நீல வெளிச்சம்.
முந்நூற்றைம்பது டிகிரி என்றது பெட்டி.
முனையைச் செம்பில் வைத்தேன்.
எண் அசையவில்லை.
ஈயமும் அசையவில்லை.
நேரம் கழித்துக் கூழாகக் குழைந்து
முனையோடு இழுபட்டு வந்தது.
திரையில் தெரிவது சூடு அல்ல,
சூட்டைப் பற்றிப் பெட்டியின் அபிப்பிராயம்.

"நானூற்றைம்பதுக்கு ஏற்றுங்கள் அக்கா" என்றான் பையன்.
ஏற்றியிருக்கிறேன் தம்பி.
சுவரில் நேராகச் செருகுகிற
இருபது ரெயால் இரும்பு ஒன்று இருந்தது என்னிடம்.
குறைக்கவும் தெரியாது அதற்கு, நிறுத்தவும் தெரியாது.
போன மழையில், ரிசீவர் முடிகிற நாளில்,
ஒரு தடம் பலகையைவிட்டு உரிந்து
வெங்காயச் சருகாய்ச் சுருண்டது.
அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த கடைப் பெட்டி நன்றாகவே சுட்டது.
மல்டிமீட்டரின் ஒரு காலை முனையில் வைத்து
மற்றதைப் பிளக்கின் நடுக்கம்பியில் வைத்தேன்.
ஊமை.
எர்த் எங்கே என்றேன்.
"யாரும் இதுவரை கேட்டதில்லை" என்றார் கடைக்காரர்,
நற்சான்றிதழ் காட்டுவது போல.

மாடியில் ஒஸ்வால்து ஹிகாவின் கடை.
படிகளிலேயே ரோசின் வாசம்.
மூடிப்போன தொலைபேசி ஆலையிலிருந்து வந்ததாம்:
பழுப்பேறிய பெட்டி, திரை கிடையாது,
தேய்ந்த குமிழ் ஒன்று,
யாரோ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளி.
நடுக்கம்பியில் மீட்டர் கூவியது.
முனையை வைத்து எண்ணினேன்.
ஒன்று, இரண்டு,
மூன்று வாய்க்குள் இருக்கும்போதே
ஈயம் பளிச்சென்று படர்ந்துவிட்டது.
செம்புக்குத் தாகம் தீர்ந்து நான் பார்த்தது
அதுதான் முதல் தடவை.

"முனை தேய்ந்தால்?"
இழுப்பறையைத் திறந்தார். உளி வாய், ஊசி வாய்,
சாய்த்து வெட்டியது, எல்லாம் எட்டு ரெயாலுக்கு.
"பெட்டி இருநூற்றறுபது, தோனா ஜுசாரா."
பணத்தை எண்ணத் தொடங்கினேன்.
அவர் பெட்டியைத் திருப்பினார்,
நல்ல மனுஷன்.
பின்பக்கம்: 220.

எங்கள் தெருவில் சுவரெல்லாம் நூற்றிருபத்தேழு.
டிரான்ஸ்பார்மர் கேட்டால் இன்னொரு நூற்றெண்பது,
தூங்குகிற நாயின் கனம்.
எண்ணிய நோட்டுகள் கையில் வியர்த்தன.

"வீட்டில் எங்கேயுமா இல்லை?"
யோசித்தேன்.
"குளியலறையில். ஷவருக்கு."
அவர் சிரித்தார். நான் சிரித்தேன்.
கெபாசிட்டர் பொறுக்கிக்கொண்டிருந்த
முன்பின் தெரியாத ஒருவர் எங்களைவிடச் சத்தமாய்ச் சிரித்தார்.

எதிர்வீட்டு ஜுராந்தீர் ஞாயிறன்று வந்து
மெயின் பெட்டியிலிருந்து தனிக் கம்பி,
தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த்,
குளியலறைக்கு வெளியே தாழ்வாரம்வரை இழுத்தார்.
கூலியாக அவருடைய ரேடியோவைப் பார்த்துக் கொடுத்தேன்.
அதற்குமேல் கம்பி போதவில்லை.

ஆகவே என் பட்டறை இப்போது
துண்டு காயப்போடும் கொக்கிக்குக் கீழே.
யார் குளிக்கப் போனாலும்
என் முதுகை ஒட்டி, மூச்சை அடக்கித்தான் போக வேண்டும்.
தம்பி வாண்டர்லே ஷவரைத் திறந்தால்
விளக்கு ஒரு நொடி சுருங்குகிறது;
செம்புக்கு மூன்று அல்ல, நான்கு எண்ண வேண்டியிருக்கிறது.
கதவிடுக்கில் நீராவி வெளியே,
ரோசின் புகை உள்ளே.

"ஆச்சா?" என்று கத்துகிறான் அவன்.
"உனக்கு ஆச்சா?" என்கிறேன் நான்,
ஐந்தாவது காலில் ஈயத்தை வைத்தபடி.