பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு வர மறுப்பவர்

அமிர்தகடேசனை எழுதத் தொடங்கி
நான்கு வருஷம் ஆகிறது.
பதினொன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரியில்
மாயவரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள லாட்ஜில்
மாடிப்படியின் நடுவே நிற்கிறார்.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கையில் காசு சேர்ந்ததும்
முதல் வேலையாக அந்த லாட்ஜை வாங்கினார்.
பதினாலாம் நம்பர் அறையின் டைல்ஸைப் பெயர்த்துப்போட்டு
பழைய சிவப்புத் தரை வேண்டும் என்றார்.
'இதெல்லாம் இப்ப யாரு சார் போடுறா'
என்றபடியே போட்டார் குடவாசல் கொத்தனார்.
இவர் குனிந்து பார்த்தார்.
'இன்னும் கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருந்துச்சு.'

புதுத் தரை தேய
எத்தனை பேர் எத்தனை நாள் நடக்க வேண்டும்?
கூலிக்கு ஆறு பேரை வைத்தார்.
வெறுங்கால்.
காலை ஒன்பது முதல் ஐந்து வரை
சுவருக்குச் சுவர்.
எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.
அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் இடத்தில்
நின்றுபோனது.

ஐப்பசி இருபத்திரண்டு.
அன்று அடைமழை, காரைக்கால் பஸ் ஓடவில்லை,
நர்சிங் படித்த சவரியம்மாள்
இந்த அறை ஜன்னலோரம் உட்கார்ந்து
விடிய விடிய கன்னத்தில் கைவைத்தபடி
அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூன்றாம் அத்தியாயம்.
எனக்கே பிடித்துப்போய்
பதினேழு தடவை திருத்திய அத்தியாயம்.

இருபத்தாறு வருஷம் கழித்து
அதே ஐப்பசி இருபத்திரண்டில் சுள்ளென்று வெயில்.
ஜன்னலுக்கு மேலே ஓட்டைக் குழாய் கட்டி
மோட்டார் போட்டு மழை பெய்ய வைத்தார்.
எதிர்வீட்டில் துணி காயப்போட்டிருந்தவள்
வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினாள்.

சவரியம்மாள் வந்தாள்.
நாகப்பட்டினத்திலிருந்து, கார் அனுப்பி.
தலை நரைத்து, மூட்டுவலியோடு, படி ஏறி.
சுற்றிப் பார்த்தாள்.
'கட்டில் அந்தச் சுவர்லல்ல கெடந்துச்சு?
மழையா? அன்னிக்கு பஸ் ஸ்ட்ரைக்குங்க.
எனக்கு ராத்திரி பூரா பல்வலி.
அதான் மறக்கல.'

இந்த வசனத்தை நான் யோசிக்கவில்லை.
அவளே சொன்னாள்.
அடித்துவிட்டு மழையை எழுதினேன்.
மறுநாள் காகிதத்தில் மறுபடி பல்வலி.

என் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் வாய்க்கிறார்கள்.
நன்னிலம் கதையில் ஒரு பாக்கியலெட்சுமி,
பழைய ஆல்பத்தைக் காட்டி
பந்தல்காரரிடம் அதே பந்தல் கேட்டவள்.
அதே சீரியல் லைட், அதே வாழைமரம்.
மாப்பிள்ளை மட்டும் வேறு.

தலைஞாயிறு பக்கம் எங்கள் நிலம்.
கடைமடை. முறை வைத்துத்தான் தண்ணீர்.
நம் முறையில் நாம் தூங்கிவிட்டால்
மதகடியில் போய் நின்று
போன முறைத் தண்ணியைக் கேட்க முடியாது.
லஸ்கர் திட்டக்கூட மாட்டார்,
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
பீடி பற்றவைப்பார்.
அப்பாவுக்கு அப்படி ஒரு முறை போனது.
பயிர் தொண்டையில் கதிரோடு நின்ற நேரம்.
எழுப்பச் சொல்லித்தான் படுத்தார்.
நான் ஏதோ ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எழுதிய எல்லாவற்றிலும்
நடுராத்திரியில் யாரோ யாரையோ எழுப்புகிறார்கள்.
விமர்சகர் ஒருவர் அதை
என் உத்தி என்று பாராட்டினார்.

இன்றும் மேசையில் உட்கார்ந்தேன்.
சவரியம்மாள் எப்போதோ போய்விட்டாள்,
கார் வேண்டாமென்று பஸ்ஸில்.
மேலே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.
படியில் அமிர்தகடேசன்.
அவரைத் தாண்டி இறங்க வழியில்லாமல்
கூலிக்கு நடந்த ஆறு பேர்.
வெடித்த குதிகாலில் சிவப்புச் சாயம்.
அதில் ஒருவர், நான் இன்னும் பெயர் வைக்காதவர்,
அவரிடமில்லை, என் பக்கம் திரும்பி,
'நாளைக்கும் வரணுங்களா?' என்கிறார்.