ஆளுக்கு ஒரு வளைவு

எட்டு வருஷமாகச் செங்கோட்டை பாசஞ்சரில்
மூன்றாவது பெட்டி, கக்கூஸுக்கு இரண்டு வரிசை தள்ளி.
அந்த அளவுக்குத்தான் எங்களுக்கு ஒருவரையொருவர் தெரியும்.
யார் டிபன் பாக்ஸில் எந்தக் கிழமை என்ன என்று தெரியும்.
யார் வீட்டு வாசல் எந்தத் திசை என்று தெரியாது.

மார்கழியில் ஒரு ஞாயிறு மாஞ்சோலை போகலாம் என்றது பூலுடையார்.
கோர்ட்டில் வாய்தா எழுதி எழுதி
எதையும் தள்ளிவைக்கத் தெரிந்தவர்.
இதை மட்டும் தள்ளிவைக்கவில்லை.

முப்பத்தாறு சீட் கோச். நாங்கள் பதினொரு பேர்.
ஜங்ஷனில் கிளம்பிய வண்டி
எங்களைத் தலைகீழாகப் பொறுக்கியது:
தினமும் கடைசியில் ஏறி ஒற்றைக்காலில் நிற்கிற
சேரன்மகாதேவி ஞானதிரவியம் முதலில் ஏறி
ஜன்னலைப் பிடித்துக்கொண்டு
யாரையோ ஏமாற்றியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.
வீரவநல்லூரில் ஜெபக்கனி சிஸ்டர், நைட் டூட்டிக் கண்ணோடு.
கல்லிடையில் நான், ஆவுடைத்தங்கம், ஒரு கட்டு அப்பளம்.
பொரிக்காத அப்பளம்;
எதற்கென்று அவளுக்கே தெரியாது.
அம்பாசமுத்திரத்து ஏழு பேரும் பாலம் தாண்டி வந்து நின்றார்கள்.

ரயிலில் நாங்கள் முழங்கால் இடிக்க எதிரெதிரே.
கோச்சில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து.
பிடரியிடம் என்னத்தைப் பேச?
மைதீன் பிச்சைக்கு உச்சந்தலையில் வழுக்கை என்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
இரண்டு பக்கமும் பிசானப் பயிர் பச்சையாய் ஓட,
டிவியில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணிமுத்தாறு செக்போஸ்டில் கார்டு
முன்னும் பின்னும் நடந்து வண்டியை அளந்தார்.
"இம்புட்டு நீளம் வளைவுல திரும்பாது.
பின்னால கவர்மென்ட் பஸ் வருது, அதுல ஏறுங்க."

காய்கறி மூட்டை, கேஸ் சிலிண்டர்,
காலைக் கட்டிய இரண்டு கோழி,
லைன் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்.
இடமில்லை. இடித்துக்கொண்டு நின்றோம்.
ஞானதிரவியம் ஒற்றைக்காலுக்கு வந்தார்,
எங்களுக்குப் பேச்சு வந்தது.

நாலாவது வளைவில் பல் தந்தியடித்தது.
திருநெல்வேலிக்காரனிடம் குளிருக்கு என்ன இருக்கும்?
ஒரு துண்டு.
அதுவும் வெயிலுக்கு வைத்திருப்பது.
மைதீன் பிச்சைதான் பையிலிருந்து எடுத்தார்,
பாசிப்பயறு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்.
லூதியானாவில் ஒரே ஒரு ஜனவரி வேலை பார்த்தாராம்.
அதற்குமேல் முடியவில்லையாம்.
ஏன் என்று சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

ஆளுக்கு ஒரு வளைவு என்று முடிவானது.
பூலுடையாருக்கு வயிற்றுக்கு மேலேயே நின்றுவிட்டது; வாய்தா கேட்டார்.
ஜெபக்கனி போட்டதுமே நின்றபடி தூங்கிப்போனாள்.
அவளுக்கு மூன்று வளைவு விட்டுக்கொடுத்தோம்.
ரோட்டில் நின்ற மிளா ஒன்று
பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தது.
கண்டக்டர் விசில் ஊதவில்லை. அது போகட்டும் என்று இருந்தார்.
மூட்டையோடு நின்ற அம்மா ஒருத்தி, எங்களுக்கு யாரோ,
"எனக்கும் ஒரு வளைவு தாங்களேன்" என்றாள்.
கொடுத்தோம்.

ஊத்தில் டீ.
எதிரே மலை என்றார்கள்.
மூடுபனியில் கையிலிருந்த டம்ளரே பாதிதான் தெரிந்தது.
அரை மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு
அதே பஸ்ஸில் இறங்கினோம்.

என் முறை இறக்கத்தில் வந்தது.
சேலைக்கு மேல் போட்டேன்.
உள்ளே அத்தனை பேர் சூடு, அந்த அம்மாவின் வெங்காய வாசம்.
இடது பையில் ஒரு கடலைத்தோல்,
லூதியானாவுடையதாக இருக்கும்.

திங்கட்கிழமை. மூன்றாவது பெட்டி. முழங்கால் இடிக்க.
"அந்த ஸ்வெட்டர் யார்ட்ட இருக்கு?"
மைதீன் பிச்சை பொதுவாகக் கேட்டார்.
எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

அதற்குள் பேட்டை வந்துவிட்டது.
ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை,
அப்படி வெயில்.