இடைவெளியை எப்படி வாசிப்பது

இரவு இரண்டே கால்.
பாசிர் பாஞ்சாங்கில் ஹைருல்,
பொங்கோலில் பன்னிரண்டாம் மாடியில் நான்.
"நாற்பத்தோராம் வரியைப் படி," என்கிறான்.
படிக்கிறேன்.
"அதற்கு முன்னால் எத்தனை இடம்?"

எத்தனை இடம்.
வெற்றிடத்தை வாயால் சொல்ல
எந்தப் பள்ளியிலும் கற்றுத்தரவில்லை.
"நாலு. இல்லை, ஆறு. இரு,
திரையில் விரல் வைத்து எண்ணுகிறேன்."

நீரிணைக்கு அப்பால் பாசிர் கூடாங்கின் விளக்குகள்.
அங்கே ஒரு கன்டெய்னரை இறக்கினால்
இரும்பு இரும்பின்மேல் இடிக்கும்.
என் கன்டெய்னர்கள்
ஓசையில்லாமல் செத்து, ஓசையில்லாமல் பிறந்து
மறுபடி செத்தன,
அரை நிமிடத்துக்கு ஒருமுறை.

யாமல் கோப்புகள் முப்பத்தெட்டு.
ஒன்றைப் பார்த்து ஒன்று ஒட்டியவை.
முதல் கோப்பில் மறந்தது
முப்பத்தெட்டிலும் மறந்தே இருக்கும்.
போன மாதம் நார்வேயின் இரண்டெழுத்துக் குறியை
"இல்லை" என்று படித்துவிட்டு
ஒரு கப்பலை நாடில்லாமல் ஆக்கியது.
ஷுஃபெங் சிரித்தாள்.
வாடிக்கையாளர் கூப்பிட்ட பிறகு சிரிக்கவில்லை.

அந்த வாரமே ரூபியில் எழுத உட்கார்ந்தேன்.
மாணிக்கம் என்று அர்த்தமாம். ஒளி எனக்கு வேண்டாம்;
திறந்த கதவையெல்லாம்
வாய்விட்டு மூடுகிற
'எண்ட்' என்ற அந்த ஒரு சொல் போதும்.

ஒன்பது முனையத்துக்கும் ஒரே சுற்று.
ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்:
நினைவகம் இவ்வளவு, நகல் மூன்று,
துவாஸுக்கு மட்டும் ஐந்து.
எண்ட்.
எல்லாம் சேர்த்து அறுபத்திரண்டு வரி.

"கடைசியில் இதுவும் யாமலாகத்தானே வெளியே போகிறது?"
திருவாட்டி லோச்சனி, கோப்பியைக் கலக்கியபடி.
போகிறது.
ஆனால் இடத்தை நான் எண்ண வேண்டியதில்லை.
அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

மூன்று வாரம்.
சுற்றுக்குள் ஓர் எண்ணைத் தவறாகப் போட்டேன்.
முன்பென்றால் ஒரு முனையம் விழுந்திருக்கும்.
இப்போது ஒன்பதும் விழுந்தன,
வரிசை பிசகாமல், ஒரே நொடியில்.
என் சாமர்த்தியம் அவ்வளவு ஒழுங்கு.

மறுபடி நடு இரவு.
அவன் பக்கம் ஒரு குழந்தை அழுகிறது,
ஒரு கையால் தட்டிக்கொடுக்கிறான் போல.
"படி," என்கிறான்.
திரை இல்லை அவனிடம். காது மட்டும்.

ஒவ்வொரு முனையத்துக்கும், என்று தொடங்கினேன்.
நினைவகம், என்றேன்.
எண்ணைச் சொன்னேன்.

"அங்கே," என்றான் ஹைருல்.
நான் இன்னும் 'எண்ட்' சொல்லவில்லை.