இருநூற்றுப் பதினான்கு மீட்டர்

மூன்று இரவுகள் ஆகும் கோடு போட.
கடைசி டிராம் டிப்போவுக்குள் போனபின்
விஸ்துலாப் பாலத்தின் மேல்
வண்டி முன்னால் ஊர,
உருளையோடு நான் பின்னால்.

கோடு என்பது ஆகக் குறுகிய வழி.
திருப்பங்களில் ஓரக்கல்லை உரசிக்கொண்டு போகும்.
அதை விட்டு விலகாமல் ஓடியவர் எவருமில்லை.
கூட்டம் இடிக்கும், தண்ணீர் மேசை இழுக்கும்,
எதிர்ப்பக்கம் தெரிந்த முகமொன்று கையாட்டும்.
எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடுகிறார்கள்,
கணக்கில் வராமல்.

முதல் ஆண்டு வண்ணம் கிடைக்கவில்லை.
ஆஸ்பத்திரிக் கதவுகளுக்கு வந்ததில்
ஆறு டப்பா மிச்சம் என்றார்கள்.
அதனால்தான் நீலம்.
மற்ற காரணங்களைப் பிறகு யாரோ எழுதினார்கள்.
முந்நூறு பேர் ஓடினார்கள்.
இறைச்சிக் கடை வாசலில் நின்ற பெண்கள்
அந்த வரிசையில் என்ன தருகிறார்கள் என்று கேட்டார்கள்.
தேநீர் தந்தோம்.
ஆளுக்கொரு ஊறிய வெள்ளரிக்காயும்.

பிற்பாடு வந்த ஆண்டுகளை
வழி மாறியதை வைத்துத்தான் ஞாபகம்:
சதுக்கத்தில் படை வண்டிகள் நின்றபோது
பின்தெருக்களால் சுற்றினோம்;
சுரங்க ரயிலுக்குத் தோண்டிய நான்கு ஆண்டுகள்
பள்ளத்துக்குப் பள்ளம் கோணல்;
பிறகு ஒரு வங்கி
பனியன்களில் தன் பெயரை அச்சடித்தது.
அன்றிலிருந்து வாழைப்பழம்.

பதினோராம் ஆண்டு ஜெயித்தவன் ஸெனோபியுஷ் குலிக்,
ஒன்பதாம் தட டிராம் ஓட்டுநர்.
இரண்டு மணி முப்பத்தொன்று.
டிப்போவில் படம் மாட்டினார்கள்.
அடுத்த வசந்தத்தில் பொகுமிவா
சைக்கிள் சக்கரத்தில் எண்காட்டி பூட்டி
விடியுமுன் வழியை அளந்தாள்.
திரும்ப அளந்தாள்.
டயரில் காற்றுப் பார்த்து மூன்றாம் முறை.
இருநூற்றுப் பதினான்கு மீட்டர் குறைவு.
திருப்பக் கம்பத்தை யாரோ
தப்பான விளக்கடியில் நட்டிருந்தார்கள்.

அந்த யாரோ நான்.

பெயரை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டார்கள்,
அடியில் பொடி எழுத்தில் விளக்கம்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஒன்பதாம் தட டிராமில் ஏறுவதை மட்டும் நிறுத்தினேன்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து,
ஓட்டத்துக்கு முந்தின இரவு,
முடிவுக் கோட்டில் நான் மண்டியிட்டிருக்க
பிராகா பக்கமிருந்து காலடிச் சத்தம்.
தலை முழுக்க நரை.
'பழைய வழியில் முழுசாக வந்துவிட்டேன்,
மிச்சம் எதுவரை?' என்றான்.
மிச்சத்தை மட்டும் ஓடியிருக்கலாமே என்றேன்.
'புதுக் காலால் ஓடினால் கள்ளக்கணக்கு.'

நாடாவை இழுத்தேன்.
பூட்டிய பத்திரிகைக் கடை தாண்டி
மூன்றாவது லிண்டன் மரம்.
அங்கே நீலத்தில் சின்னதாய் ஒரு கீற்று.
கடிகாரத்தை வண்ணக் கையால்தான் பிடித்தேன்.
ஒரு நிமிடம் மூன்று நொடி.

குனிந்து முட்டியைப் பிடித்து நின்றவனிடம்
கம்பத்தைப் பற்றிச் சொன்னேன்.
எத்தனையோ வருஷம் ஒத்திகை பார்த்த வாக்கியம்,
பாதியில் உடைந்தது.
மூச்சு வரட்டும் என்று கை காட்டினான்.
'எந்தக் கம்பம் எங்கே நிற்கும் என்று
டிராம் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா?
திரும்பும்போதே தெரிந்தது.
பின்னால் ஒருவன் வந்துகொண்டிருந்தான்.
திரும்பிவிட்டேன்.'

பிறகு நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.
ஈர வண்ணத்தை மிதித்திருப்பான் போல,
இடது காலுக்கு மட்டும் நீலத் தடம்.

கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு மணி முப்பத்திரண்டும் சொச்சமும்.
அந்தச் சொச்சத்தோடு எழுதி வைத்திருக்கிறேன்,
வண்ணக் கணக்கு நோட்டின் பின்னட்டையில்.
குழுவுக்கு அது வேண்டாமாம்.
ஒரு ஓட்டத்தை இரண்டாக ஓட முடியாதாம்.

மறுநாள் இருபதாயிரம் பேர்.
பதக்கம் மாட்டி, வெள்ளித்தாள் போர்த்தி
கோட்டருகே எல்லோரும் சரிந்துகொண்டிருக்க
மஞ்சள் தொப்பிப் பெண்ணொருத்தி
தாண்டியும் நீலம் இருப்பதைப் பார்த்தாள்.
நிற்கவில்லை.
தன்னார்வலர்கள் கத்தக் கத்த
லிண்டன் மரம்வரை போய்
அதைத் தொட்டுவிட்டு வந்தாள்.