ஒரு டன்னில் அறுபது கிராம்

முட்டை உடைப்பது என் வேலை.
அடுப்படியில் அல்ல,
யெல்காவாவுக்கு வெளியே, பழைய பால்பண்ணைக் கட்டடத்தில்.
எஃகுத் தட்டு மெல்ல இறங்கும்,
திரையில் எண் ஏறும்,
டக்.
மூன்று கிலோ எண்ணூறு.
எழுதிக்கொள்வேன்.
அடுத்தது.

டிசம்பரில் இங்கே சூரியன்
வாடகை பாக்கி வைத்தவன்.
ஒன்பதுக்குத் தலைகாட்டி
மூன்றரைக்குள் பின்வாசலால் நழுவிவிடுவான்.
ஆகவே கோழிகளுக்கு வெயிலை
மூட்டையில் வாங்குகிறோம்.
டி மூன்று, வெளிர்மஞ்சள் தூள்.
எனக்கு அதையே சொட்டுகளாக எழுதித் தந்தாள் மருத்துவர்:
ஐம்பத்தாறு வயது, இடுப்பெலும்பின் படத்தில்
பழைய ஜன்னல்திரை போல ஓர் இழையோட்டம்.

எழுபது வாரக் கோழிக்கும் அதே கதை.
விளக்கணைந்து, தொட்டி காலியான பின்
விடிவதற்குள் ஓட்டுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும்,
இரண்டு கிராம்.
யாரிடம் கேட்கும்?
தன் காலெலும்பைத் தானே கரைத்துக்
கொடுத்துவிடுகிறது.
ஓட இடமில்லாத கூண்டில்
ஓடு செய்துகொண்டிருக்கிறது.

சுண்ணாம்பு மட்டும் போதாது என்பதுதான் ஆராய்ச்சி.
செங்கல் குவிந்திருந்தாலும் கொத்தனார் வேண்டுமே.
மாங்கனீசு, துத்தநாகம், கொஞ்சம் செம்பு.
ஒரு டன் கோதுமையிலும் சோயாவிலும்
மாங்கனீசு அறுபது கிராம்:
என் மோதிரப்பெட்டியில் அடங்கும்.
செலினியம் அதைவிட அற்பம், கால் கிராம்.
குறைந்தால் நோய், கூடினால் நஞ்சு,
நடுவில் ஒரு தும்மல் அளவு இடைவெளி.

சிவப்புச் சீட்டுக் கூண்டுகளுக்கு உலோகம் எல்லாம்.
நீலத்துக்கு உயிர்ச்சத்து மட்டும்.
பச்சைக்கு ஒன்றுமே இல்லை,
வெறும் தானியம், வெறும் சுண்ணாம்பு.

ஒன்பதாம் வாரம் சிவப்பு முட்டை
இரண்டு கிலோ எழுநூறில் உடைந்தது.
அடுத்ததும்.
அதற்கடுத்ததை விளக்கின்முன் பிடித்தேன்:
ஓடு முழுக்கக் கண்ணாடிப் புள்ளிகள்,
உறைபனியில் யாரோ விரல் வைத்து எடுத்ததுபோல.
பச்சையோ நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது.
பேராசிரியர் கால்வான்ஸ் கருவியைத் திட்டினார்.
பழுதுபார்ப்பவன் ரீகாவிலிருந்து வந்து
காபி குடித்துவிட்டு, கருவி சரி என்றான்.

அன்று இரவு கலவைக் கொட்டகைக்குப் போனேன்.
கிர்ட்ஸ் வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தான்.
இருபத்து மூன்று வயது, முகமூடிக்கு மேல் மாவு படிந்த இமைகள்.
அவன் சீட்டைப் பார்க்கவே இல்லை,
கொக்கியை எண்ணினான்:
இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று.
ஆறாம் வாரம் கொட்டகையைக் கழுவியபோது
யாரோ சீட்டுகளை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

"இது என்ன நிறம்?" என்றேன்.
அவன் கை நின்றது.
வெளியே ஜெனரேட்டர் மட்டும் பேசியது.
"இலையுதிர்கால நிறம்," என்றான் கடைசியில்.
"இரண்டுமே."

வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
நானூற்றுச் சொச்சம் கோழிகள்
வாய் திறக்காமல் சொல்லிவிட்டன,
ஒவ்வொன்றாக, டக், டக் என்று.

அறிக்கையில் கொக்கிகளைப் பற்றி எழுதினேன்.
கொக்கிகளைப் பற்றி மட்டும்.
கால்வான்ஸ் நெடுநேரம் படித்தார்.
கொடுத்ததை நிறுத்தினால்
மூன்றே வாரத்தில் ஓடு மெலியும் என்பது
யாரும் கேட்காமல் கிடைத்த விடை.
அதற்கு நிதி தந்தவர்கள் மகிழ்வார்களா, தெரியாது.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்,
யார் மாட்டியது என்று கேட்கவில்லை.

மறுநாள் சீட்டுகளின் ஓரத்தில் கத்தித் தடம்.
சிவப்புக்கு இரண்டு வெட்டு, பச்சைக்கு ஒன்று.
இருட்டிலும் கட்டைவிரலுக்குத் தெரியும்.

உடைந்த முட்டைகளைப் பன்றிப்பண்ணைக்காரர்
வாளியில் வந்து எடுத்துப்போகிறார்.
சொட்டு மருந்தை இன்றும் மறந்துவிட்டேன்.
பதினொன்றாம் வாரம், சிவப்பு, கூண்டு நாற்பத்தேழு.
தட்டு இறங்குகிறது.
மூன்று.
மூன்று இருநூறு.
இன்னும் உடையவில்லை.