இரண்டாவது வால்

பகாவ் பட்டணம், டயர் கடைக்கு மேல்மாடி.
விடிந்தால் சொக்சோ ஆபீஸ்.
சிரம்பான் ஆஸ்பத்திரி கொடுத்த வட்டு
என் பெயரெழுதிய உறைக்குள்.

வட்டுப் பெட்டிக்கு மூச்சில்லை.
லேப்டாப்பில் பிழைத்திருக்கும் ஒரே துளையில்
கழற்றிக் கழற்றிச் சொருகினாள் குணவதி.
ஊதினாள்.
அணைத்துப் போட்டாள்.
யார் மேலிருந்த கோபமோ, ஒரு தட்டும் தட்டினாள்.
பச்சை விளக்கு ஒருதரம் சிமிட்டிச்
செத்தது.

சிமிட்டியதே, அது போதும் எனக்கு.
பெட்டி கெடவில்லை. கரண்டு பத்தவில்லை.
உயர்ந்த செம்பனையடியில்
அரிவாள் கம்பைப் பாதி தூக்கி
நான் இறக்கி வைத்தேனே அன்றைக்கு,
அது மாதிரிதான்.

ஒயரைத் தடவினேன். அதற்கு இரண்டு வால்.
இரண்டாவதை ரப்பர் பேண்டு போட்டு
யாரோ மடக்கி வைத்திருந்தார்கள்.
அதைச் சொருக வேண்டிய துளையில்
போன வருஷமே எங்கள் பையன்
ஐஸ்கிரீம் குச்சியை ஒடித்துவிட்டான்.

எதிர் அறை பிஷ்ணு
நைட் ஷிப்டுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.
பவர் பேங்க் கேட்டோம்.
"பாக்காய் லா, பாங்" என்று நீட்டினான்.

காதுக்குள் கொசு புகுந்தாற்போல
ஒரு சுழலல்.
பிறகு திரையில் என் முதுகு.
நாற்பத்தாறு வருஷமாய் நான் பார்க்காத முதுகு.

"இங்கயா?" நாலாம் எலும்பில் விரல் வைத்தாள்.
இன்னும் கொஞ்சம் கீழே.

பஸ் ஹாரன் அடித்தது.
பிஷ்ணு கதவோரம் நின்று
திரையையே பார்த்தான்.
ஒயரைக் கழற்று என்று
சொல்லவில்லை.