ஆறரைக்கு மூன்றரை

பம்புசெட் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்து அலைந்த
பதினோரு வருடத்தில்
எங்கெங்கே தூங்கினேன் என்று
வங்கி மேலாளர் கேட்கவில்லை.
சொத்து மதிப்பு கேட்டார், ஜாமீன் கேட்டார்.

சேலம் பேருந்து நிலையத்தில்
பையின் வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு.
ஹூப்ளியில் இரும்பு நாற்காலியில்;
யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாதென்றே
இடையிடையே கைப்பிடி வைத்துச் செய்த நாற்காலி அது.
கரூரில் தூங்கவேயில்லை.
இரவு ஒன்றேகாலுக்கு லாட்ஜ் மேசைக்காரர்
என்னைப் பார்க்காமல்
என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்,
யாராவது வருகிறார்களா என்று.
"தனியாவா?"
அவர் தலைக்கு மேல் சாவிகள்
கொத்துக் கொத்தாய்த் தொங்கிக்கொண்டிருந்தன.
"ரூம் இல்லம்மா."

மும்பையில்தான் முதன்முதலாக ஒரு பெட்டிக்குள் போனேன்.
மண்டியிட்டு,
அலமாரியில் துணி வைப்பதுபோல
என்னை நானே உள்ளே வைத்தேன்.
ஒரு விளக்கு, ஒரு குட்டி விசிறி,
உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.
அதைப் போட்டேன், திறந்தேன், மறுபடி போட்டேன்.
நாலு மணி நேரம் கழித்து எழுந்தால்
தலையணையில் எச்சில் வழிந்திருக்கிறது.
வெளியூரில் எனக்கு அப்படி ஆனதே இல்லை.

கடலூர். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்து.
மூடிப்போன செராக்ஸ் கடையின் மாடி.
பன்னிரண்டு பெட்டி, இரண்டு அடுக்கு,
ஆறரைக்கு மூன்றரை, உயரம் நாலடி.
நிமிர்ந்து உட்காரலாம்;
கோபம் வந்தால் எழுந்து நிற்க முடியாது.
ஃபேப்ரிகேஷன் லூர்துநாதன்
அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:
"உயிரோட இருக்கறவங்களுக்குத்தானே மேடம்?"

மாநகராட்சிப் படிவத்தில்
விடுதி என்றால் அறை வேண்டும்,
அறை என்றால் சன்னல் வேண்டும்,
கிடங்கு என்றால் சரக்கு வேண்டும்.
"இதுக்குன்னு ஒரு காலம் இல்லையேம்மா"
என்றார் அலுவலர், கட்டங்களைக் காட்டி.
பதினேழாவது தடவை போனபோது
'இதர' என்பதில் டிக் அடித்து
பக்கத்தில் 'தூக்கம்' என்று எழுதினார்.
எழுதி முடித்ததும் கொட்டாவி விட்டார்.

முதல் பத்து நாள் வந்தவர்கள்
தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
பிறகு சிப்காட் இரவுப் பணி முடித்த இருவர்.
தேர்வு எழுத வந்தவன், விளக்கை அணைக்கவே மறந்து.
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த ஒரு மாமா;
காலையில் அவராகவே முகூர்த்தத்துக்குப் போய்விட்டார்.
குறட்டைக்குத் தனிக் கட்டணம் வைக்கச் சொல்லி
நாலாம் எண்ணைப் பற்றி
ஐந்தாம் எண் எழுதிக் கொடுத்தது.

நேற்று இரவு இரண்டு நாற்பது. சென்னை வண்டி.
தோளில் ஒரு பை, கையில் சான்றிதழ்க் கோப்பு.
நான் வாயைத் திறப்பதற்குள் தொடங்கிவிட்டாள்:
"விருத்தாசலம் போகணும், நாலரைக்குத்தான் பஸ்சாம்,
அண்ணன் அங்க வந்துருவார்,
அப்பா நம்பர் தரேன், வேணும்னா இப்பவே பேசுங்க,
இன்டர்வியூவுக்குத்தான் போயிட்டு வரேன்..."

அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம்.
எந்த ஊரில் எந்த அண்ணன் எடுபடுவான் என்பதுகூட.

ஆதாரை வாங்கிப் பேரேட்டில் எழுதினேன். தில்லைநாயகி.
"மேலயா, கீழயா?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
வேறு யாரையோ கேட்கிறேன் என்று.

கீழே எடுத்துக்கொண்டாள்.
தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.
கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது.

இந்த மாதத் தவணைக்கு
இன்னும் நாலாயிரத்து எழுநூறு குறைகிறது.
ஏழாம் எண்ணில் புரண்டு படுத்தால் கிறீச்சிடுகிறது.
லூர்துநாதன் நாளைக்கு வருகிறேன் என்கிறார்,
ஐந்து வாரமாக.
பொறுக்காமல் நானே தேங்காயெண்ணெய் விட்டேன்.
இப்போது வாசனையாகக் கிறீச்சிடுகிறது.